பெட்டியில் காகிதம் இருந்தது, வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை

வண்டிக் காகிதங்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கு. இன்சூரன்ஸ் சான்றை அச்செடுத்து, லேமினேட் செய்து, டாஷ்போர்டில் கைக்கு எட்டும்படி வைத்திருப்பேன். போனில் ஒரு நகல், மின்னஞ்சலில் ஒரு நகல். வீட்டில் இதற்காகவே கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட நான்தான் போன மாதம் இன்சூரன்ஸ் இல்லாமல் கார் ஓட்டிப் பிடிபட்டேன்.

வழக்கமான சோதனைதான். காவலர் கேட்பதற்கு முன்பே காகிதத்தை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டி எண்ணைக் கையிலிருந்த கருவியில் தட்டினார். மறுபடியும் தட்டினார். இந்த வண்டிக்கு நடப்பில் பாலிசி எதுவும் இல்லை என்றார். காகிதத்தின்படி பாலிசி முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. அந்த வரியைக் கட்டைவிரலால் காட்டினேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் நண்பர் அறிமுகப்படுத்திய ஏஜென்ட் மூலம் புதுப்பித்த பாலிசி அது. நிறுவனத்தின் தளத்தில் காட்டிய தொகையைவிடக் குறைவாகச் சொன்னார். "நமக்குன்னு தனியா ஒரு தள்ளுபடி இருக்குண்ணா" என்றார். பணத்தைத் தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். (இந்த இடத்தில் நீங்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.)

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. பாலிசி கைக்கு வந்த அன்றே நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பெயர், வண்டி எண், தேதி எல்லாம் சரியாக இருந்தன. காகிதம் போலி இல்லை. சூட்சுமமே அங்கேதான்.

சாலையோரத்தில் நின்றபடியே ஏஜென்டை அழைத்தேன். "சர்வர்ல ஏதோ பிரச்சினைண்ணா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். அதுதான் கடைசி, அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. நிறுவனத்தின் சேவை மையத்தில் அரை மணி நேரம் காத்திருந்த பிறகு விஷயம் தெரிந்தது. பாலிசி உண்மையானதுதான். எடுத்த ஒன்பதாம் நாள் ரத்தாகியிருக்கிறது. பணம் கட்டிய அட்டைக்கே திரும்பப் போய்விட்டது. கட்டிய அட்டை ஏஜென்டுடையது. ரத்துச் செய்தி எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். பதிவில் இருந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் என்னுடையவையே அல்ல.

லேமினேட் செய்த தாளை எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், அவருடைய எண். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தவன், அடுத்த வரிக்குப் போகவில்லை.

பிரிட்டனில் இந்த ஆட்களை 'கோஸ்ட் புரோக்கர்' என்பார்கள். சிலர் சான்றையே போலியாக அச்சடித்துத் தருவார்கள். சிலர் வயதையோ முகவரியையோ மாற்றிக் கொடுத்துக் கட்டணத்தைக் குறைப்பார்கள். மூன்றாவது ரகம் எனக்கு வாய்த்தது. அங்கே பாலிசி எடுத்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்துகொள்ளலாம். வாங்கியவர் மனம் மாறினால் உதவட்டும் என்று வைத்த வழி, இவர்களுக்கு வசதியாகிவிட்டது.

காகிதத்துக்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை என்பதையும் நான் சரியாக உணரவில்லை. பிரான்சில் 2024 ஏப்ரல் 1 முதல் கண்ணாடியில் ஒட்டும் பச்சை இன்சூரன்ஸ் சீட்டையே எடுத்துவிட்டார்கள். காவலர்கள் பதிவேட்டைத்தான் பார்க்கிறார்கள். பிரிட்டனில் கேமரா வண்டி எண்ணைப் படித்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறது. இந்தியாவில் டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் உள்ள சான்றைக் காட்டினால் 2018 முதல் செல்லும். அதற்காகக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், கேட்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் என்னுடையதைப் போல அது வெறும் லேமினேட் தாள்தான்.

ஏஜென்ட் மூலம் எடுப்பது தப்பில்லை, நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பணம் மட்டும் உங்கள் கணக்கிலிருந்து நேராக நிறுவனத்துக்குப் போகட்டும். பாலிசியில் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்திடமிருந்து நேரடியாக உங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். வாங்கிய அன்று பார்த்ததோடு விடாமல், மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். நான் தவறவிட்டது இந்த இரண்டாம் முறையைத்தான்.

அபராதம் கட்டினேன். ஏமாந்துபோனேன் என்று சொன்னதற்காக அதில் ஒன்றும் குறைக்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, புதுப் பாலிசி எடுத்த பிறகுதான் மீட்க முடிந்தது. அதுகூடப் பெரிதில்லை. ஐந்து மாதம் தினமும் ஓட்டியிருக்கிறேன், பள்ளி விடும் நேரத்தில், மழையில், தூக்கக் கலக்கத்தில்கூட. யார் மீதாவது மோதியிருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

அன்றிரவு, ஏஜென்டை அறிமுகப்படுத்திய நண்பரை அழைத்தேன். கோபத்தோடுதான் அழைத்தேன். அவர் நம்பவில்லை, தன்னுடைய பாலிசி சரியாகத்தான் இருக்கும் என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியிடம் போனார். கதவு திறக்கும் சத்தம், பெட்டியைக் கிளறும் சத்தம். பெயருக்குக் கீழே இருக்கிற எண்ணை வாசியுங்கள் என்றேன். முதல் ஆறு இலக்கம்வரை வாசித்தவர், அங்கேயே நிறுத்திவிட்டார்.