தனி அறையா, வகுப்பறையா? பள்ளியில் தெரபி எங்கே நடக்க வேண்டும்

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்குப் பள்ளியிலேயே தெரபி, அதாவது பேச்சு, கைவேலை, உடல் அசைவு ஆகியவற்றுக்கான பயிற்சி, உண்டு என்றதும் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அது எங்கே, எப்படி நடக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தனி அறைக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி தரலாம்; தெரபிஸ்ட் வகுப்புக்குள்ளேயே வரலாம்; அல்லது ஆசிரியருக்கு வழிகாட்டி, நாள் முழுக்க அவரைச் செய்ய வைக்கலாம்.

தனி அறையின் பலம் அமைதி. வராத ஓர் ஒலியை முதன்முதலாக வரவழைக்கவும், இரைச்சல் தாங்காத ஆட்டிசக் குழந்தையைப் பழக்கவும், உடல் தொட்டுச் செய்யும் பயிற்சிகளுக்கும் அது தேவை. ஆனால் அங்கே கற்றது பல நேரம் அங்கேயே தங்கிவிடுகிறது. தெரபிஸ்டிடம் தெளிவாகக் கேட்கும் குழந்தை, வகுப்பில் தண்ணீர் வேண்டுமென்று கேட்காமல் உட்கார்ந்திருக்கும். கதை நேரமும் விளையாட்டும் தவறிப்போவது தனி இழப்பு.

வகுப்புக்குள் நடந்தால் பயிற்சிக்குக் காரணம் இருக்கிறது. சாப்பிடும்போது ஸ்பூன், எழுதும்போது பென்சில், கிளம்பும்போது பட்டன். படஅட்டையைக் காட்டிப் பேசும் தோழனோடு எப்படிப் பேசுவது என்று மற்றப் பிள்ளைகளும் பார்த்துப் பழகுகிறார்கள். ஓர் ஆபத்து உண்டு: பெரியவர் ஒருவர் எப்போதும் ஒட்டியே உட்கார்ந்தால் மற்றக் குழந்தைகள் நெருங்க மாட்டார்கள். குழந்தையின் வேலையையும் அவரே முடித்துவிடுவார்.

ஆசிரியருக்கு வழிகாட்டும் மூன்றாவது வழியைப் பலரும் 'தெரபியைக் குறைத்துவிட்டார்கள்' என்றே நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குக் கால் தரையில் எட்டாத நாற்காலி கொடுத்தால், உடலை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே தெம்பெல்லாம் போய்விடும், கைக்கு மிச்சமிருக்காது. காலுக்கு ஒரு பலகை வைத்து இருக்கையைச் சரிசெய்தால் ஒவ்வொரு பாடவேளையிலும் பலன் உண்டு. கேள்வி கேட்டபின் சில நொடி கூடுதலாகக் காத்திருக்க ஆசிரியர் பழகினால், பேசத் தாமதமாகும் குழந்தைக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். வாரம் அரைமணி நேரப் பயிற்சி மட்டும் இதையெல்லாம் தந்துவிடாது. ஆனால் ஒரு தாளில் எழுதி ஆசிரியர் கையில் திணிப்பது வழிகாட்டல் ஆகாது. செய்து காட்ட வேண்டும், திரும்ப வந்து பார்க்க வேண்டும், ஆசிரியருக்கு அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். செலவைக் குறைக்க நிர்வாகம் இதைச் சாக்காக்கினால் பெற்றோர் விடக்கூடாது.

என் தேர்வு: வகுப்பறையும் ஆசிரியருக்கு வழிகாட்டலும் சேர்ந்தது. 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவும், தேவையான ஆதரவு பொதுக் கல்வி முறைக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்கிறது. தனி அறைக்கு அனுப்பினால், அங்கே பழகியது எப்போது வகுப்புக்குள் வரும் என்று அன்றே கேளுங்கள்.

தெரபியால் குழந்தை எட்ட வேண்டிய இலக்கைப் பள்ளியில் எழுதும்போதும் உடனிருங்கள். 'கைவலு கூட வேண்டும்' என்று எழுதினால் பயிற்சி தனி அறைக்கே போகும். 'சாப்பாட்டு டப்பாவைத் தானே திறப்பாள்' என்று எழுதச் சொல்லுங்கள். அதை வகுப்பில்தான் பழக்க முடியும், நடந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லலாம்.