புதியது என்று 18,400 ரூபாய் வாங்கிக்கொண்டு பழைய சென்சாரைத் தலையில் கட்டிவிட்டார்கள்: சேலத்துச் சைக்கிள் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

மாலை ஏழு மணிக்கு அந்தக் கடையிலிருந்து திரும்பினேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்றாள் என் மனைவி. ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். சேலத்தில் பிள்ளைகளுக்கு, வேகமும் தூரமும் காட்டுகிற சைக்கிள் கம்ப்யூட்டரோ, அதற்குக் கணக்கு அனுப்புகிற சென்சாரோ வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. புகார் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன் அவர்கள் கையில் ஒரு பிடியைக் கொடுக்க விருப்பமில்லை. விலை உயர்ந்த கியர் சைக்கிள்கள் விற்கிற, கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள கடை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு வருடமாகச் சைக்கிள் போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய், அங்கிருந்து ஏற்காடு மலை ஏறுவாள். 20 கொண்டை ஊசி வளைவு. நான் மொபெட்டில் தண்ணீர் பாட்டிலுடன் பின்னாலேயே போவேன். பயிற்சி கொடுப்பவர் ஒருநாள் என்னிடம், "கால் பலத்தில் மட்டும் ஏறுகிறாள். நிமிடத்துக்கு எத்தனை முறை பெடல் சுற்றுகிறாள், இதயம் எவ்வளவு துடிக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக முடியும்" என்றார். சமதரையில் 85, 90 சுற்று வருகிறவள் மலையில் 60க்கும் கீழே போகிறாளாம். அது முட்டிக்கு ஆகாதாம். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை இல்லை. நானாகத்தான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

அந்தக் கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். உள்ளே நுழைந்ததுமே "வாங்க அண்ணா" என்று நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். கைப்பிடியில் மாட்டுகிற கம்ப்யூட்டர், சக்கரத்தின் அச்சில் கட்டுகிற வேக சென்சார், பெடல் தண்டில் கட்டி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுகிற கேடன்ஸ் சென்சார், மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை, நான்கும் சேர்த்து 18,400 ரூபாய் என்றார். என் ஒரு மாதக் கூலிக்குக் கொஞ்சம்தான் குறைவு. தயங்கினேன். "கம்ப்யூட்டர் திரையிலும் தெரியும், தங்கச்சியின் போன் செயலியிலும் தெரியும். புளூடூத், ஆன்ட் பிளஸ் என்று கம்பியில்லாத இணைப்பு இரண்டும் இருக்கிறது, பெட்டியிலேயே போட்டிருக்கிறது பாருங்கள்" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினார். போட்டிருந்தது.

நான் நம்பிய இடம் அதுகூட இல்லை. மகளின் சைக்கிளை உள்ளே கொண்டுவரச் சொல்லி, வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு, ரப்பர் வளையத்தைப் பெடல் தண்டில் அவரே இழுத்து மாட்டினார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையால் பெடலைச் சுற்றினார். கம்ப்யூட்டர் திரையில் 54, 61, 70 என்று எண் ஏறியது. என் மகள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தேன். அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. போனில் தெரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. யுபிஐயில் 18,400 ரூபாயை அனுப்பினேன். ஜிஎஸ்டி ரசீது கேட்டதற்கு, "பில் மெஷின் இன்று வேலை செய்யவில்லை அண்ணா, நாளைக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன்" என்று ஒரு துண்டுச் சீட்டில் 'சைக்கிள் சாமான் 18,400' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த 'நாளை' இன்றுவரை வரவில்லை.

ஞாயிறு வந்தது. கோரிமேட்டில் கம்ப்யூட்டரின் சார்ஜ் நூறு காட்டியது. ஒரு சார்ஜுக்குப் பதினைந்து மணி நேரம் வரும் என்பது கடைக்காரர் சொன்ன கணக்கு. 12ஆவது வளைவில் திரை அணைந்துவிட்டது. அதற்குள் இதயத்துடிப்பு மூன்று முறை காணாமல் போனது. ஒருமுறை அவள் பேசவே முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது 74 என்று காட்டியது! உட்கார்ந்து டீ குடிக்கிறவனுக்கு வருகிற துடிப்பு அது. தூரமும் தப்பு. சாலையோரக் கிலோமீட்டர் கற்களை நான் எண்ணிக்கொண்டே போனேன். பத்துக் கல் தாண்டும்போது கம்ப்யூட்டர் 10.7 என்றது. போன் செயலியிலோ சென்சார் ஒன்றுகூட வரவே இல்லை.

அன்று மாலையே கடைக்குப் போன் செய்தேன். போனின் புளூடூத் பக்கத்தில் தேடக் கூடாது, செயலிக்குள் போய்த் தேட வேண்டும் என்றார். தேடினோம், இல்லை. லொகேஷன் அனுமதி கொடுங்கள் என்றார். கொடுத்தோம். புது பேட்டரி போடுங்கள் என்றார். வட்டமான சிஆர்2032 பேட்டரி இரண்டு வாங்கிப் போட்டோம். மார்புப் பட்டையை ஈரமாக்கிக் கட்டுங்கள் என்றார். கட்டினோம். இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்ன ஒவ்வொன்றும் பொதுவாக உண்மையான வைத்தியம்தான். சென்சார் வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அதனால்தான் ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லியிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

நேரில் போனேன். உங்கள் போன் பழசு என்றார். அடுத்த முறை போனபோது அப்டேட் வர வேண்டும் என்றார். மூன்றாவது முறை, "கோவையிலிருந்து கம்பெனி ஆள் வருவார் அண்ணா" என்றார். நான்காவது முறை கல்லாவில் இருந்த பையன், "அண்ணன் வெளியே போயிருக்கிறார்" என்றான். அந்த அண்ணனின் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தது என் மகளோடு மலை ஏறுகிற ஒரு கல்லூரிப் பையன். அவனுடைய சென்சாரையும் எங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே போனில் ஒரே செயலியில் தேடினான். அவனுடையது உடனே வந்தது. எங்களுடையது வரவில்லை. பிறகுதான் விளக்கினான். ஆன்ட் பிளஸ், புளூடூத் இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. ஆனால் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. பல சைக்கிள் கம்ப்யூட்டர்களுக்கு ஆன்ட் பிளஸ் புரியும். பெரும்பாலான போன்களுக்குப் புளூடூத் மட்டுந்தான் புரியும். முன்பு வந்த சென்சார்கள் பலவற்றில் ஆன்ட் பிளஸ் மட்டுமே இருந்தது. எங்களிடம் இருப்பது அந்தப் பழைய வகை. அதைப் புது வகையின் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் பட்டறைக்கு எடுத்துக்கொண்டுபோய், கொலுசின் பற்றவைப்பைப் பார்க்கிற விளக்கின் கீழே, லென்சு வைத்துப் பார்த்தேன். கேடன்ஸ் சென்சாரின் பேட்டரி மூடியில் காசை வைத்துத் திருகுவதற்கு ஒரு பள்ளம் இருக்கும். அதன் இரண்டு ஓரமும் மழுங்கியிருந்தன. நாங்கள் திறந்தது ஒரே ஒரு முறை. அது பலமுறை திறந்து மூடிய மழுங்கல். அடிப்பக்கத்து ரப்பர் தண்டில் உரசி உரசி நடுவில் மட்டும் பளபளத்தது. மார்புப் பட்டையின் மடிப்பைப் பிரித்தால், தையலை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு. காய்ந்த வியர்வை உப்பு. என் மகள் அதைக் கட்டியது இரண்டே முறை. யாரோ ஒருவர் மாதக்கணக்கில் கட்டிய பட்டையை என் பிள்ளையின் மார்பில் கட்டவைத்திருக்கிறார்கள். 18,400 ரூபாயைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

வெள்ளியில் இந்தக் காரியத்தைச் செய்தால் செவ்வாய்ப்பேட்டையில் அடுத்த நாள் ஒருவனும் அவனுக்கு வேலை கொடுக்க மாட்டான். பழைய கொலுசுக்கு மெருகு ஏற்றிப் புதியது என்று விற்றவனை எங்கள் தெருவில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

அந்தப் பையன் கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குள்ளும் போனான். மொத்தத் தூரம் 2,316 கிலோமீட்டர்! என் மகள் அதை வைத்து ஓட்டியது நூறுகூட இருக்காது. ஓட்டுபவரின் எடை 82 கிலோ என்று பதிந்திருந்தது. என் மகள் 46 கிலோ. சக்கரச் சுற்றளவு 2,288 மில்லிமீட்டர். அது 29 அங்குல மலைச் சைக்கிளின் அளவு. எங்கள் சைக்கிளில் இருப்பது 28 மில்லிமீட்டர் அகல டயர் போட்ட, 700 என்கிற அளவுச் சக்கரம். அதற்கு 2,136 வர வேண்டும். வேக சென்சார் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்றுதான் எண்ணும். அதைச் சுற்றளவால் பெருக்கினால் தூரம். சுற்றளவு நூற்றுக்கு ஏழு கூடுதலாக இருந்ததால்தான் பத்துக் கிலோமீட்டர் 10.7 ஆனது. பழைய சொந்தக்காரரின் கணக்கை அழிக்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. இவனுக்கு என்ன தெரியப்போகிறது என்கிற நினைப்பு.

தயாரித்த கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசி, பின்பக்கத்துச் சீரியல் எண்ணைச் சொன்னேன். அது ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகி, வாரண்டி முடிந்துவிட்ட பொருள் என்றார்கள். வாங்கிய ரசீதை அனுப்புங்கள் என்றார்கள். என்னிடம் இருப்பது 'சைக்கிள் சாமான் 18,400'.

இன்று மாலை எல்லாவற்றையும் அவர் மேசையில் பரப்பி வைத்தேன். திரையில் 2,316ஐக் காட்டினேன். உப்புக் கோட்டைக் காட்டினேன். அவர் முகம் மாறவே இல்லை. "புதிது என்று நான் எப்போது சொன்னேன்? எங்காவது எழுதிக் கொடுத்திருக்கிறேனா?" என்றார். பக்கத்தில் சைக்கிள் வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவர்களுக்குக் கேட்கட்டும் என்று, "தம்பி, புதுப் பெட்டியில் போட்டு, புது விலை வாங்கினாயே" என்றேன். "குரலை உயர்த்தாதீர்கள், கேமரா ஓடுகிறது" என்றார். அண்ணா என்கிற வார்த்தை அதோடு போய்விட்டது. பணம் வராது, வேண்டுமானால் இரண்டாயிரத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். 18,400 கொடுத்த பொருளுக்கு இரண்டாயிரம்.

நான் வாங்கவில்லை. நாளை காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுகிறேன். தீர்வு வரவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பழைய பொருளைப் புதியது என்று விற்பதையும் ரசீது தர மறுப்பதையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். யுபிஐ பதிவும் அவர் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது மனம் ஒரு நிலையில் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி ரசீது கையில் வராமல் பணத்தை அனுப்பாதீர்கள். கடைக்காரர் தன் திரையில் காட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்; உங்கள் போனில், உங்கள் செயலியில், அங்கேயே நின்று சென்சார் வருகிறதா என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைச் சென்சாரின் முதுகில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். மார்புப் பட்டையின் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்.

சமீபத்தில் எங்கேயாவது வாங்கியிருந்தால், கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குள் போய் மொத்தத் தூரம் எவ்வளவு காட்டுகிறது என்று இன்றிரவே பாருங்கள். எண் இடித்தால் எதையும் அழிக்காமல் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.