போலி 61ஏ மைக்: அப்படியே பாவிப்பதா, வெட்டி மாற்றுவதா, வேறு வாங்குவதா?

பானசோனிக் டபிள்யூஎம்-61ஏ என்ற சின்ன கண்டென்சர் மைக் கப்சூலின் (மைக்குக்குள் சத்தத்தைப் பிடிக்கும் சிறு குப்பி) உற்பத்தி நின்று பல வருடங்கள். இன்றும் அதே பெயரில் பத்துப் பத்தாகப் பைக்கற்றில் போட்டு விற்கிறார்கள். அவற்றில் அநேகமானவை போலி. அதற்காகக் குப்பையில் போடத் தேவையில்லை. திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தவிலுக்குக் கிட்ட வைத்துப் பதிவு செய்ய, நல்ல போலி ஒன்றின் பின்பக்கச் செப்புக்கோடுகளை வெட்டி இணைப்பை மாற்றினால் தாராளமாகப் போதும். உப்புவெளிப் பக்கம் விடியற்காலைக் குருவிச் சத்தம் பிடிப்பதற்கு அது உதவாது. அதற்கு வேறு கப்சூல்தான் வாங்கவேண்டும்.

கையில் இருப்பது என்ன?

அசலின் விட்டம் 6 மி.மீ., உயரம் 3.4 மி.மீ. வேணியர் இடுக்கிமானியில் உயரம் பிசகினால் போலி என்பது உறுதி. அளவு சரியாக இருந்தாலும் அசல் என்று அர்த்தமில்லை. அடுத்து பின்பக்கத்தைப் பாருங்கள். 61ஏ எல்லாத் திசையிலும் கேட்கும் கப்சூல், அதன் முதுகு மூடியிருக்கும். முதுகில் துளை இருந்தால் உங்களுக்கு வந்திருப்பது ஒருதிசைக் கப்சூல். அதற்குக் காற்று ஒத்துவராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கோணேசர் கோயில் மலையில் அதைத் திறந்தவெளியில் வைத்தால் இரைச்சல்தான் பதிவாகும்.

பிறகு மின்னோட்டம். 3 வோல்ற்றை 2.2 கிலோ ஓம் தடையி ஊடாகக் கொடுத்து, தடையியின் இரு முனைக்கும் இடையே மல்ரிமீற்றரை வையுங்கள். அசலுக்கு உச்சம் 0.5 மில்லி அம்பியர், அதாவது 1.1 வோல்ற்றுக்குக் கீழேதான் காட்டவேண்டும். பூச்சியம் காட்டினாலோ முழு 3 வோல்ற்றும் காட்டினாலோ கப்சூல் செத்தது, அல்லது வயர் மாறியிருக்கிறது.

இரைச்சலைப் பார்க்க, கப்சூலைத் தகர டப்பாவில் வைத்துத் துணியால் சுற்றி, இரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பதியுங்கள். சீரான 'ஸ்ஸ்' பரவாயில்லை. எண்ணெய் பொரிவது போலப் படபடத்தால் உள்ளே ஈரமோ ஒழுக்கோ இருக்கிறது, அதில் மினக்கெட வேண்டாம்.

தொனியைப் பார்க்க நம்பகமான இன்னொரு மைக்கைப் பக்கத்தில் ஒட்டிவைத்து, ஒரே ஸ்பீக்கரில் பிங்க் நொய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு, இரண்டு பதிவின் வரைபுகளையும் ஒப்பிடுங்கள். அசல் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை ஏறக்குறைய தட்டையாகப் போகும். போலியில் மேல்சுருதியில் ஒரு மேடும் அடியில் ஒரு சரிவும் வரலாம். மேட்டை ஈக்குவலைசரில் இறக்கலாம். அடிச்சத்தம் 200 ஹேர்ட்ஸிலேயே சரிந்தால் தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போய்விடும். அப்படிப்பட்டதைக் கழித்துவிடுங்கள்.

வெட்டி மாற்றினால் என்ன கிடைக்கும்?

இதை லிங்க்விற்ஸ் மாற்றம் என்பார்கள். கப்சூலுக்குள் ஒரு ஃபெட் திரான்சிஸ்டர் இருக்கிறது. வழக்கமான இணைப்பில் அதன் சோர்ஸ் முனை உலோக உறையோடு சேர்ந்திருக்கும், ட்ரெயின் என்ற மற்ற முனையிலிருந்து சத்தம் எடுக்கிறோம். அங்கே ஃபெட் சத்தத்தைப் பெருக்குகிறது. வழங்கும் வோல்ற்று 2, 3 மட்டும் என்பதால் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். சோர்ஸை உறையிலிருந்து பிரித்து அதிலிருந்து சத்தம் எடுத்தால் பெருக்கம் ஒன்றுக்குச் சற்றுக் கீழே இறங்கும். அதனால் அதிக சத்தத்தைத் தாங்கும், திரிபும் குறையும்.

செய்முறை இப்படி. பின்பலகையில் சோர்ஸ் முனையின் ஈயப்பொட்டிலிருந்து உறையின் விளிம்புக்கு மெல்லிய செப்புக்கோடுகள் ஓடும். உருப்பெருக்கிக்கு அடியில் கூரான பிளேட்டால் அவை அத்தனையையும் அறுக்கவேண்டும். ஒன்று மிஞ்சினாலும் பயனில்லை. பொட்டுக்கும் உறைக்கும் இடையே மீற்றர் 'பீப்' அடிக்காமல் இருந்தால்தான் அறுந்தது. போலிகளில் சிக்கல் வருவது இங்கேதான். கோடு இல்லாமல் செப்பு வட்டமாகப் பரவியிருந்தால் பிளேட் ஆழமாக இறங்கி பலகை பிளந்துவிடும். அத்தகையதை வெட்டாமல் விடுவது நல்லது.

இனி மூன்று வயர் வேண்டும். ட்ரெயினுக்கு 9 வோல்ற்று பற்றரியின் நேர்முனை. சோர்ஸிலிருந்து 10 கிலோ ஓம் தடையி ஊடாக எதிர்முனை. உறை நேராக எதிர்முனைக்கு. உறைக்கு ஈயம் வைக்கும்போதுதான் கப்சூல்கள் சாகின்றன, ஏனென்றால் சூட்டில் எலக்ட்ரெட்டின் (உள்ளே நிரந்தரமாக மின்னேற்றிய படலம்) மின்னேற்றம் போய்விடும். ஒரு அலுமினியத் துண்டில் 6 மி.மீ. துளையிட்டு, முகத்தை உள்ளே விட்டுக் கப்சூலை இறுக்கி வையுங்கள், சூடு அதற்குள் இறங்கும். ஒவ்வொரு தொடலும் இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம்.

பற்றரியைப் போட்டதும் சோர்ஸில் வோல்ற்றை அளவிடுங்கள். 0.3 மில்லி அம்பியர் ஓடினால் 10 கிலோ ஓமில் 3 வோல்ற்று நிற்கும். 2 முதல் 5 வரை இருந்தால் சரி. 7, 8 காட்டினால் ஃபெட்டுக்கு இடமில்லை, தடையியை 4.7 கிலோ ஓமாகக் குறையுங்கள்.

வெளியே எடுக்கும் கொள்ளளவியில் பலர் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். றெக்கோடரின் மைக் உள்ளீடு 2 கிலோ ஓம் என்றால், 1 மைக்ரோ பரட் கொள்ளளவி 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் இறக்கிவிடும். 10 மைக்ரோ பரட் போட்டால் அந்த எல்லை 8 ஹேர்ட்ஸுக்குப் போகும். நேர்முனை சோர்ஸ் பக்கம் இருக்கட்டும். றெக்கோடரின் பிளக்-இன் பவரை (மைக் சொக்கற் வழியாக றெக்கோடரே கொடுக்கும் சிறு வோல்ற்று) மறக்காமல் நிறுத்துங்கள். அந்த 2.5 வோல்ற்றை மட்டும் நம்பி இந்த மாற்றத்தைச் செய்வதில் பிரயோசனம் இல்லை, தனிப் பற்றரி கட்டாயம்.

பிரைமோ ஈஎம்272

அமைதியான இடத்துக்கு இதுதான். விட்டம் 10 மி.மீ. அசல் 61ஏயின் சத்த-இரைச்சல் விகிதம் 62 டெசிபல், இதற்கு 80. சுய இரைச்சலாக, அதாவது மைக் தானே எழுப்பும் இரைச்சலாகச் சொன்னால் 32க்குப் பதில் 14 டெசிபல். பதினெட்டு டெசிபல் என்பது காதுக்கு உடனே தெரியும் வித்தியாசம், எந்த வெட்டும் ஒட்டும் போலியில் அதைக் கொண்டுவராது. வெட்டுதல் தேவையில்லை, இரண்டு வயரும் பிளக்-இன் பவரும் போதும். உணர்திறன் 7 டெசிபல் அதிகம் என்பதால் மேளத்துக்குக் கிட்ட வைத்தால் றெக்கோடரின் உள்ளீட்டில் சத்தம் முந்திக்கொண்டு உடையும். விலை போலியைவிடப் பல மடங்கு. காட்டுச் சத்தம், தேவாரம், தாத்தாமாரின் நேர்காணல் பதிபவர்கள் தயங்காமல் இதற்குச் செலவழிக்கலாம்.

எதை எடுத்தாலும் எங்கள் ஊரின் உப்புக்காற்று ஒன்றுதான். ஈயம் வைத்த இடத்தின் பசையை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்துக் காய்ந்ததும், முதுகுக்கு மட்டும் மெல்லிய நகப்பூச்சு. முகத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது. வாடை மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைக்கற்றோடு மூடிய போத்தலில் வையுங்கள்.

ஸ்ரீரியோவுக்குப் போலி வாங்குவதென்றால் குறைந்தது பத்து வாங்குங்கள். அசலுக்கே உணர்திறனில் கூட்டியோ குறைத்தோ 4 டெசிபல் விலகல் உண்டு, போலியில் அதைவிட மோசமாகலாம். மின்னோட்டமும் தொனியும் ஒத்து, சத்தம் ஒரு டெசிபலுக்குள் வரும் இரண்டைச் சோடியாக்குங்கள். கழித்தவற்றில் முதலில் வெட்டிப் பழகிவிட்டு அந்தச் சோடியில் பிளேட்டை வையுங்கள்.