நெருஞ்சி முள்ளும் ட்யூப்லெஸ் டயரும்: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் எங்கள் ஊர். எங்கள் சைக்கிள் கிளப்பில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்தான். ஞாயிறு விடிகாலையில் கடற்கரையில் கூடி, வடக்கே பாலிட்டோ வரை போய்த் திரும்புவோம். அக்டோபர் வந்தால் அமாஷோவா சைக்கிள் பந்தயம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காகப் பணம் திரட்டித்தான் அதை ஓட்டுகிறோம். எங்கள் கோயிலில் வடை சுடும் ஆன்ட்டி கிலோமீட்டருக்கு 5 ராண்ட் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அப்படி வாங்கிக்கொண்டு பஞ்சரால் நடுவழியில், பின்தங்கியவர்களை ஏற்றிவரும் ஸ்வீப் வேனில் ஏற மனசு வராது. உள்ளே ட்யூப் இல்லாமல், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் என்ற திரவம் ஊற்றி ஓட்டுகிற ட்யூப்லெஸ் டயருக்கு நான் மாறியது அதற்காகத்தான். இப்போது 16,000 கிலோமீட்டர் தாண்டியாயிற்று.

முன்பு 25 மில்லிமீட்டர் அகல டயரில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடிப்பேன். இப்போது 28 மில்லிமீட்டர், 65 பி.எஸ்.ஐ. என் எடை 74 கிலோ. அழுத்தத்தைக் குறைத்ததில் வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஜல்லி துருத்திய பழைய சாலையில் ஐந்து மணி நேரம் ஓட்டி இறங்கினாலும் விரல்கள் மரத்துப்போவதில்லை. இந்த ஒன்றுக்காகவே மாறலாம்.

பஞ்சர் விஷயத்துக்கு வருகிறேன். உள்நாட்டுப் பக்கம் சாலையோரத்தில் நெருஞ்சி படர்ந்து கிடக்கும். ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்கள் டுபெல்கி என்பார்கள். நம் ஊர் நெருஞ்சியேதான். அதோடு லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பித் துண்டுகள். ட்யூப் இருந்த காலத்தில் மாதம் இரண்டு தடவையாவது சாலையோரம் உட்கார்ந்திருப்பேன். இப்போது உஸ்ஸென்று ஒரு சத்தம், கெண்டைக்காலில் வெள்ளையாகச் சீலண்ட் தெறிக்கும், அவ்வளவுதான். காற்று இறங்குவது நிற்காவிட்டால் சக்கரத்தைச் சுற்றி ஓட்டையைக் கீழே கொண்டுவந்து பிடித்துக்கொள்ளுங்கள். திரவம் அங்கே தேங்கி அடைத்துவிடும். நான்கு வருடத்தில் பஞ்சரால் டயரைக் கழற்ற வேண்டி வந்தது இரண்டே தடவை.

அதில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். போன வருட அமாஷோவாவில் டிரம்மண்ட் தாண்டி போத்தாஸ் ஹில் ஏறும்போது ஒரு கண்ணாடிச் சில்லு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. சீலண்ட் கொட்டித் தீர்ந்தது, ஓட்டையில் பிளக் என்ற ரப்பர் அடைப்பைச் செருகினேன், நிற்கவில்லை. சரி, கையில் ட்யூப் இருக்கிறதே என்று போட்டுக் காற்றடித்துக் கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. கிளப்பின் மூத்த அண்ணன் இறங்கி வந்தார். "தம்பி, டயருக்கு உள்ள விரல விட்டுத் தடவிப் பாத்தியா?" என்றார். தடவினால் மூன்று நெருஞ்சி முள் முனை நீட்டிக்கொண்டிருந்தன! எத்தனை மாதமாக அங்கே இருந்தனவோ. சீலண்ட் சத்தமில்லாமல் அடைத்து வைத்திருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. ட்யூப் போட்டதும் குத்திவிட்டன. ஆகவே ட்யூப் போடுமுன் டயரின் உட்புறத்தை முழுச் சுற்றும் தடவிப் பார்த்து, முள்ளையெல்லாம் பிடுங்கி எறியுங்கள். அன்று எட்டுப் பேரும் வெயிலில் எனக்காகக் காத்து நின்றார்கள். அண்ணன் தன் ட்யூபைக் கொடுத்தார். அதோடு ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இறங்கி, எல்லாருமாகச் சேர்ந்தே கடற்கரைக்கு வந்து முடித்தோம். ஆன்ட்டியிடம் 530 ராண்டும் வாங்கிச் சேர்த்தாயிற்று.

குறைகளும் உண்டு. டர்பன் வெயிலுக்குச் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. ஆறு மாதம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது. எனக்கு இரண்டரை மாதம்கூட வரவில்லை. சக்கரத்தைக் கழற்றித் தேங்காயைக் குலுக்குவதுபோல் காதருகே குலுக்கிப் பார்ப்பேன். சளசளவென்று கேட்டால் இருக்கிறது, கேட்காவிட்டால் ஊற்ற வேண்டும். வால்வும் அடைத்துக்கொள்ளும், அதனால் வருடத்துக்கு ஒரு தடவை வால்வுக்குள் இருக்கும் ‘கோர்’ என்ற சிறு பாகத்தை மாற்றிவிடுகிறேன். முதல் தடவை மாட்டிக் கொடுத்த கடையில் ரிம்மின் உட்புறத்தில் காற்றுப் போகாமல் ஒட்டும் ரிம் டேப்பை மாற்றாமல் பழையதையே விட்டுவிட்டார்கள். ஒரு வாரம் இரவெல்லாம் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நானே டேப்பைப் பிரித்துப் புதிதாக ஒட்டிய பிறகுதான் நின்றது. வீட்டில் கைப்பம்பு மட்டும் இருந்தால் புது டயரை ரிம்மில் உட்கார வைப்பது பெரும்பாடு. அதற்குக் காற்று ஒரேயடியாகப் பாய வேண்டும். பெட்ரோல் பங்குக்கு எடுத்துப் போய்விடுங்கள், வால்வுக்குத் தகுந்த அடாப்டரை மறக்காமல்.

கடற்கரையில் மட்டும் பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்தப் பாடு தேவையில்லை, ட்யூபே போதும். மலைப் பக்கம் போகிறவர்கள், குழுவோடு போகிறவர்கள் மாறிவிடுங்கள் என்றே சொல்வேன்.

இந்த அக்டோபருக்கு முன்சக்கரத்தில் 30 மில்லிமீட்டர் போட்டிருக்கிறேன். சீலண்ட் ஊற்றிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஃபிரேமில் ஒட்டியாயிற்று. பையில் இப்போது இரண்டு ட்யூப், ஒன்று அண்ணனுக்குத் திருப்பித் தர.