வில்லங்கம் 'இல்லை' என்று வந்தால் உடனே நம்பலாமா? சில ஆண்டுகளின் அனுபவம்

வங்கிக் கடனுக்காக வரும் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் மீது பதிவாகியுள்ள அடமானம், விற்பனை போன்றவற்றின் விவரம், பார்ப்பது அன்றாட வேலை. 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 என்ற புதிய வடிவம் வந்ததிலிருந்து இதைப் பயன்படுத்துகிறேன். அடமானங்களுக்கான மத்தியப் பதிவகமான செர்சாயின் தளத்தையும் கூடவே பார்ப்பேன். விற்பவர் நிறுவனம் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளமும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு காலத்தில் மனு எழுதி, தேடுகூலி கட்டி, காத்திருந்து வாங்கிய விவரத்தை இப்போது வீட்டிலிருந்தே கட்டணமில்லாமல் பார்த்துவிடலாம். பல அலுவலகங்களின் பதிவுகள் 1975 வரை பின்னோக்கிக் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு இன்றும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட வேண்டியதுதான். இவ்வளவு வசதியை இலவசமாகத் தரும் தளத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் பதிலைப் படிக்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேடலில் ஓர் அடமானம் தென்பட்டால் அது பதிவானது உண்மை. ஒன்றும் தென்படவில்லை என்றால், நாம் கொடுத்த கிராமம், புல எண், உட்பிரிவு, காலம் ஆகியவற்றின் கீழ் ஒன்றும் அட்டவணையில் இல்லை என்பது மட்டுமே பொருள்.

உட்பிரிவைப் பாருங்கள். இன்றைய பட்டாவில் 112/3பி2 என்று இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே மண் 112/3 என்ற பெயரில் அடமானம் வைக்கப்பட்டிருக்கலாம். புதிய எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு 'பதிவுகள் இல்லை' என்ற பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்தால், பழைய அடமானம் அதன் பழைய எண்ணுக்குக் கீழே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஆகவே தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய பட்டா வரை அந்த நிலம் தாங்கிய எல்லா எண்களையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். பழைய எண், புதிய எண், உட்பிரிவோடு, உட்பிரிவு இல்லாமல் என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறேன். நகராட்சிப் பகுதி என்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வேறு ஒரு வரிசையும் உண்டு. மிகப் பழைய பத்திரங்களில் பைமாஷ் எண் என்ற பழைய கால நில அளவை எண்ணும் வரும். அலுப்பான வேலைதான். வேறு வழியில்லை.

அலுவலக எல்லையும் அப்படித்தான். சார்பதிவகங்கள் பிரிக்கப்பட்டு, கிராமங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கின்றன. இன்று எந்த அலுவலகம் என்பதை அதே தளத்தில் பார்த்துவிடலாம். எனக்குத் தேவைப்படுவது, முந்தைய ஒவ்வொரு பத்திரமும் எந்த அலுவலகத்தில் பதிவானது என்பது. அது அந்தந்தப் பத்திரத்தின் முத்திரையிலேயே இருக்கிறது. ஆண்டும் ஆவண எண்ணும் தெரிந்தால் ஆவண எண் வழியாகவும் தேடிப் பார்க்கலாம். கையில் இருக்கும் கிரையப் பத்திரமே, புல எண் கொடுத்துச் செய்யும் சொத்துவாரித் தேடலில் வரவில்லையா? அப்படியானால் அந்தத் தேடலைக் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். இருப்பது உறுதியாகத் தெரிந்த ஆவணத்தையே கண்டுபிடிக்க முடியாத தேடல், தெரியாத அடமானத்தைக் கண்டுபிடித்துத் தராது. இவ்வளவு எளிய சோதனையைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு இன்றும் வியப்பு.

எல்லா எண்களையும் போட்டு அலசினாலும் வில்லங்கத்தில் வராத கடன்கள் உண்டு. அரசு அறிவித்த ஊர்களில், அசல் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாகக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே, 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 58-ஆம் பிரிவின்படி அது அடமானம் ஆகிவிடும். அந்த ஒப்படைப்பு தொடர்பான ஒப்பந்த ஆவணத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயத்தைத் தமிழ்நாடு 2012-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம்தான் ஏற்படுத்தியது. அதற்கு முந்தைய வங்கிக் கடன்கள் பல வில்லங்கச் சான்றில் தடயமே விடவில்லை. எழுத்தே இல்லாமல் தனிநபரிடம் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்று இன்றும் அப்படித்தான். அதனால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்தத் தேடலையும் முடித்ததாக நான் எழுதுவதில்லை. விற்பவர் சான்றிட்ட நகலை மட்டும் நீட்டினால், அசல் எங்கே என்று கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றால், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறைச் சான்றையும் பத்திரிகை விளம்பரத்தையும் கேளுங்கள். உறவுக்காரராக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது செர்சாய். 2011 மார்ச் 31 முதல் இயங்குகிறது. பொதுமக்களும் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம். 2020 ஜனவரி 24-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அடமானத்தை இங்கே பதியாத வங்கி, நீதிமன்றம் போகாமலே கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் சொத்தைக் கையகப்படுத்தி ஏலம் விட முடியாது. அதன் பிறகு வங்கிகள் இதில் அக்கறை காட்டுவதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். இங்கே தொல்லை கொடுப்பது பெயரும் முகவரியும். நம் ஊர் இனிஷியல் வழக்கம் யாருக்குத்தான் தலைவலி கொடுக்கவில்லை? பத்திரத்தில் எஸ். கிருஷ்ணன், பான் அட்டையில் சுப்பிரமணியன் கிருஷ்ணன், வங்கிக் கணக்கில் கிருஷ்ணன் எஸ். கதவு எண்ணிலும் பழையது, புதியது என்று இரண்டு. கடனைப் பதிகிறவர் எதை எழுதினாரோ, தேடுகிறவர் அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. பதியும்போதே பத்திரத்தில் உள்ள பெயரையும் புல எண்ணையும் எழுத்துப் பிசகாமல் எழுதினால் பாதித் தொல்லை தீரும். வங்கி ஊழியர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் குரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தங்கள் சொத்துகளின் மீது ஏற்படுத்தும் கடன் பொறுப்புகளை அவை முப்பது நாட்களுக்குள் சிஎச்ஜி-1 படிவத்தில் பதிய வேண்டும். பட்டியலை அமைச்சகத் தளத்தில் பார்க்கலாம். பெயர் மாறிய நிறுவனங்கள் நிறைய. அதனால் முன்னாள் பெயரையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் கட்டுநர் பெயரிலும் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

நான் பார்த்தவரை, கடன் வாங்கும்போது நடக்கும் பிழைகளைவிட அடைக்கும்போது நடப்பவைதான் அதிகம். தவணை முடிந்து, பத்திரங்கள் கைக்கு வந்து, தடையில்லாக் கடிதமும் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வில்லங்கச் சான்றிலோ உரிமை ஆவண ஒப்படைப்பு, அதாவது பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான பதிவு, அப்படியே நிற்கிறது. அதைத் தீர்க்கும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவகத்தில் தனியாகப் பதிய வேண்டும். அந்த ரசீதில் ஒப்படைப்பு ஆவணத்தின் எண்ணும் ஆண்டும் சரியாக இருக்க வேண்டும். எங்களிடம் வந்த ஒரு கோப்பில் ரசீது பதிவாகியிருந்தது. ஆண்டு மட்டும் ஒன்று தள்ளிப்போயிருந்தது. வீட்டை வாங்க வந்தவரின் வங்கி கடனை நிறுத்திவைத்தது. பழைய வங்கியிலிருந்து அதிகாரியை மறுபடி அழைத்து வந்து பிழைத்திருத்தல் பத்திரம் பதியும்வரை விற்பனை அந்தரத்தில் தொங்கியது.

செர்சாயில் உள்ள பதிவையும் முடித்துவைக்க வேண்டும். கடன் தீர்ந்த முப்பது நாட்களுக்குள் வங்கி தெரிவிக்க வேண்டும் என்கிறது சர்ஃபேசி சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அசல் பத்திரங்களை முப்பது நாட்களுக்குள் திருப்பித் தந்து, பதிவகங்களில் உள்ள கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. தாமதம் வங்கியால் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது பொருந்தும். கடனை அடைத்த இரண்டாவது மாதத்தில் வில்லங்கத்தையும் செர்சாயையும் நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். பதிவு இன்னும் உயிரோடு இருந்தால், கடன்தாரரே மத்தியப் பதிவாளருக்குத் தெரிவிக்க அதே 25-ஆம் பிரிவு வழி தருகிறது. பதிவாளர் வங்கியிடம் அதிகபட்சம் பதினான்கு நாள் அவகாசத்தில் விளக்கம் கேட்பார். எங்கள் அலுவலகக் கடிதங்களில் இந்தப் பிரிவையும் ரிசர்வ் வங்கி உத்தரவையும் முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிடுகிறோம். அதன் பிறகு பதில் வேகமாக வருகிறது.