பழைய கம்ப்யூட்டருக்கு ஆன்டிஎக்ஸா, பப்பியா, லுபுண்டுவா?

பழைய இன்டெல் ஆட்டம் அல்லது பென்டியம் 4 சிபியு, 1 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். இப்படி ஒரு பெட்டிக்கு எந்த லினக்ஸ் என்று தேடினால், பூட் ஆனதும் எது எத்தனை எம்பி ரேம் தின்கிறது என்ற கணக்குதான் முதலில் கண்ணில் படும். 512 எம்பி பெட்டியில் அந்தக் கணக்கு முக்கியம்தான். 2 ஜிபி இருந்தால் முக்கியமில்லை, ஏனென்றால் பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். நான் பார்ப்பது வேறொன்றை: இந்த சிஸ்டத்துக்கும் அதில் ஓடும் பிரவுசருக்கும் பாதுகாப்பு அப்டேட் இன்னும் எவ்வளவு காலம் வரும், அதைப் போடுவது எவ்வளவு சுலபம்? ஆன்டிஎக்ஸ், பப்பி, லுபுண்டு மூன்றும் இலகுவான லினக்ஸ் வகைகள்; இந்த ஒரு கேள்வியால்தான் அவற்றில் என் ஓட்டு ஆன்டிஎக்ஸுக்கு.

எதையும் டவுன்லோட் செய்யும் முன் சிபியு 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். உள்ளே 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி இருப்பதால் சிபியுவும் 32 பிட் என்று ஆகிவிடாது. கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட். பெயரில் '2' இல்லாத கோர் டுவோ, பென்டியம் எம், ஆட்டம் என்270 ஆகியவை 32 பிட் மட்டுமே. ஆட்டம் என்450 64 பிட். பென்டியம் 4-இல் இரண்டு வகையும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஏதாவது ஒரு 32 பிட் லைவ் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும்) பென்டிரைவில் பூட் செய்து, டெர்மினலில் எல்எஸ்சிபியு கட்டளையைக் கொடுங்கள். 'ஆப் மோட்' வரியில் 64 பிட்டும் தெரிந்தால் 64 பிட் பதிப்பையே போடுங்கள். கொஞ்சம் கூடுதலாக ரேம் தின்னும், பரவாயில்லை. 1 ஜிபிக்குக் கீழே இருந்தால் மட்டும் 32 பிட்டை யோசிக்கலாம்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், 32 பிட்டின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016-லேயே நின்றது. லுபுண்டுவும் அடங்கிய உபுண்டு குடும்பத்தில் 32 பிட் கிடைத்த கடைசி நீண்டகால ஆதரவுப் பதிப்பு 18.04. ஆன்டிஎக்ஸ் போன்றவற்றுக்கு அடிப்படையான லினக்ஸ் டெபியன்; 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான கெர்னலும் (சிஸ்டத்தின் மையப்பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. பயர்பாக்ஸில் 32 பிட் லினக்ஸுக்கான கடைசிப் பதிப்பு 144. அதன்பின் இஎஸ்ஆர் எனும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 140-க்கு மட்டும், 2026 செப்டம்பர் வரையாவது திருத்தங்கள் வரும் என்று மொசில்லா அறிவித்தது. ஆக, 32 பிட் பெட்டியில் சிஸ்டத்துக்கு முன்பே பிரவுசர்தான் காலாவதியாகும். வங்கி வேலை, மெயில் எல்லாம் அதில் பார்க்க நினைப்பவர் இதை மனதில் வைத்தே தொடங்க வேண்டும்.

ஆன்டிஎக்ஸ் 23 டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்டது. பூட் ஆகும்போது மற்றவற்றைத் தொடங்கிவைக்கும் நிரலாக சிஸ்டம்டி கிடையாது, சிஸ்வி இனிட் அல்லது ரன்இட், இரண்டில் ஒன்றை எடுக்கலாம். டெபியன் களஞ்சியத்திலிருந்தே பேக்கேஜ்கள் வருவதால் அப்டேட் என்பது ஏபிடி எனும் பேக்கேஜ் கருவியில் இரண்டு கட்டளைதான். குறைந்தது 512 எம்பி ரேம் இருப்பது நல்லது, ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) இருந்தால் 256-லும் எழும். டிஸ்கில் 7 ஜிபி இடம் வேண்டும். லைவில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் 'டெமோ'. ஃபுல் பதிப்பையே எடுங்கள். ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கத் தேவையான கோப்புகள்) நிறைய சேர்ந்தே வருவதால் பழைய வைஃபை கார்டுகள் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். டெஸ்க்டாப்பாக ஐஸ்டபிள்யூஎம் வரும். ரேம் நெருக்கடி என்றால் லாகின் திரையிலேயே ஐகான்கள் இல்லாத 'மின்' வகைக்கு மாறிக்கொள்ளலாம். தோற்றம் பழசு, மெனுக்கள் கசகச என்று இருக்கும். புதிதாக வருபவருக்கு முதல் வாரம் சிரமம்தான். உபுண்டுவின் ஸ்னாப் வகைப் பேக்கேஜ்கள் ஓடாது. அதற்காக நான் வருந்தமாட்டேன், இந்த வயதுப் பெட்டியில் ஸ்னாப் தேவையற்ற சுமை.

பப்பியின் பலம் வேறு. முழு சிஸ்டமும் எஸ்எஃப்எஸ் எனும் சுருக்கிய கோப்புகளாக ரேமுக்குள் ஏறிவிடும். அதன்பின் டிஸ்கைத் தொட வேண்டியதில்லை. டிஸ்க் செத்துப்போன, ஆனால் 1 ஜிபியோ அதற்கு மேலோ ரேம் உள்ள பெட்டிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சிக்கல் என்னவென்றால், ரேம் குறைவாக இருந்தால் அந்தக் கோப்புகள் ரேமில் ஏறாமல் டிஸ்கிலிருந்தே படிக்கப்படும். எந்தப் பெட்டிக்கு வேகம் அதிகம் தேவையோ அதில்தான் பப்பியின் வேகம் காணாமல் போகும்.

அப்டேட்டிலும் இடறல் உண்டு. டெபியன் 12-ஐ ஒட்டிய பப்பியான புக்வார்ம்பப்பில் ஏபிடி இருக்கிறது, ஆனால் அடிப்படைக் கோப்பு படிக்க மட்டுமே. புதுப்பித்த ஒவ்வொரு பேக்கேஜும், மாற்றங்களைச் சேமிக்கும் சேவ் கோப்பில் போய் உட்காரும். 512 எம்பிக்கு சேவ் கோப்பு உருவாக்கினால் பிரவுசர் அப்டேட்டுகளிலேயே அது நிரம்பிவிடும். ஃபேட்32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை வளர்க்கவும் முடியாது. வழக்கமாக முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராகவே இயங்குவதும் எனக்கு உறுத்தல். பென்டிரைவிலிருந்தே ஓட்ட வேண்டும் என்பதுதான் பப்பிக்குக் காரணம் என்றால், மாற்றங்களைச் சேமிக்கும் லைவ் வசதி ஆன்டிஎக்ஸிலும் இருக்கிறது.

64 பிட் சிபியுவும் 2 ஜிபிக்கு மேல் ரேமும் இருந்தால் லுபுண்டு தாராளமாகப் போதும். எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் விண்டோஸ் பழகியவருக்கு உடனே கைவரும். டைனி கோர் என்ற லினக்ஸ் 23 எம்பிக்குள் அடங்கும் அற்புதம், 128 எம்பி ரேம் பெட்டிக்கு அதுதான் வழி. ஆனால் வேண்டியதையெல்லாம் டிசிஇசட் நீட்டிப்பாக நாமே சேர்த்து, பேக்கப்பையும் நாமே கவனிக்க வேண்டும். அதை அன்றாட டெஸ்க்டாப்பாக நீண்டகாலம் ஓட்டிய அனுபவம் எனக்குக் குறைவு என்பதால் அதற்கு மேல் சொல்லவில்லை.

எதைப் போட்டாலும் சில இடங்களில் மாட்டும். இன்ஸ்டால் முடிந்தும் எல்லாத் தளங்களிலும் சான்றிதழ் பிழை வந்தால், ஏபிடி-யும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்றால், நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள். மதர்போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான், மாற்றிவிட்டு பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள். பென்டியம் எம்-இல் பிஏஇ (4 ஜிபிக்கு மேல் ரேமை அணுகும் சிபியு வசதி) இல்லை என்று கெர்னல் மறுத்தால், பூட் வரியில் 'ஃபோர்ஸ்பிஏஇ' சேர்க்கலாம். அந்தச் சிப்புகள் சிலவற்றில் வசதி இருந்தும் அது அறிவிக்கப்படுவதில்லை. திரை கறுப்பாகவே நின்றால் அதே வரியில் 'நோமோட்செட்' சேருங்கள். யுஎஸ்பி-யில் பூட் ஆகாத பயாஸ் என்றால் பிளாப் பூட் மேனேஜரை சிடி-யில் எழுதி அதன் வழியாகப் பென்டிரைவை எழுப்பலாம்.

பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி வகைகளில் எஸ்எஸ்இ2 எனும் சிபியு கட்டளைத் தொகுப்பு கிடையாது. 2017-லிருந்து பயர்பாக்ஸ் அவற்றில் ஓடாது. அந்தப் பெட்டிகளில் தில்லோ போன்ற எளிய பிரவுசரோடு ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பைப் போட்டு, தட்டச்சு, பாட்டு, பழைய கோப்புகள் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு கேட்கும் தளம் எதையும் அதில் திறக்க வேண்டாம்.