சிறப்புக் கல்வியா, நடத்தைப் பகுப்பாய்வா? ஆட்டிசம் சார்ந்த இரு முதுநிலைப் படிப்புகள்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு பணியாற்ற விரும்பும் பட்டதாரியின் முன் பெரும்பாலும் இரண்டு முதுநிலைப் படிப்புகள் வந்து நிற்கின்றன: ஆட்டிசத்தையும் வளர்ச்சிக் குறைபாடுகளையும் சிறப்புப் பாடமாகக் கொண்ட சிறப்புக் கல்விப் பட்டம் ஒன்று, ஏ.பி.ஏ. எனப்படும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வுப் பட்டம் மற்றொன்று. பாடத்திட்டங்களில் சில தாள்கள் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு வகுப்பறைக்குள் போனால்தான் தெரியும்.

மணி அடித்தவுடன் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்காரும் ஏழு வயதுச் சிறுவனை எடுத்துக்கொள்வோம். நடத்தைப் பகுப்பாய்வு படித்தவர், அதற்கு முன் நடந்தது என்ன, அவன் செய்தது என்ன, அதன் பின் நேர்ந்தது என்ன என்று மூன்று கட்டங்களில் நாள்தோறும் குறித்து, அவன் ஒலி தாங்காமல் ஒளிகிறானா, எழுத்துப் பயிற்சியிலிருந்து தப்பிக்க ஒளிகிறானா என்று பிரித்தறிவார். சிறப்புக் கல்வி படித்தவரும் இதே கேள்வியைக் கேட்பார். ஆனால் மணிக்கு முன்பே பட அட்டை காட்டி அவனைத் தயார்படுத்துவதும், அவன் தவறவிட்ட கணக்குப் பாடத்தை அவனுக்கேற்ப மாற்றித் தருவதும், தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதவேண்டிய இலக்கைப் பெற்றோரோடு பேசி முடிவு செய்வதும், இவற்றுக்கு நடுவே மற்றப் பிள்ளைகளைக் கவனிப்பதும் அவர் பொறுப்பில்தான் வரும்.

ஏ.பி.ஏ.வின் பலம் அதன் அளவிடும் ஒழுங்கு. ஒரே குழந்தையை வைத்து, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்து, மாற்றம் பயிற்சியால்தான் வந்ததா என்று சோதிக்கும் ஆய்வு முறையில் அது தரும் பழக்கம் சிறப்புக் கல்வி மாணவர் பலருக்கு வாய்ப்பதில்லை. அதன் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பான நிலையை எட்டியதாக 1987இல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்குப் பெரும் செல்வாக்கைத் தந்தது. பயிற்சிக் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதும், தண்டனையும் அப்பயிற்சியில் இடம்பெற்றிருந்தது என்பதும் பின்னாளில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயின. ஆட்டிசம் உள்ள பெரியவர்களே முன்வைக்கும் அந்த விமர்சனத்துக்குப் பாடத்திட்டத்தில் இடம் தராத துறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதற்கு மாறாக, 1972இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மாநில அளவிலான திட்டமாக நிறுவப்பட்ட டீச் (TEACCH) போன்ற அணுகுமுறைகள், குழந்தையை மாற்றுவதைவிட அதன் சுற்றுப்புறத்தையும் கால அட்டவணையையும் கண்ணுக்குப் புலப்படும்படி ஒழுங்குபடுத்துவதில் கவனம் செலுத்தின. சிறப்புக் கல்வித் துறைகளில் இந்தச் சிந்தனைக்கு நல்ல இடமுண்டு.

சான்றிதழிலும் கணக்கு வேறு. நடத்தைப் பகுப்பாய்வாளர் தேர்வை எழுத, பட்டத்தோடு 1500 அல்லது 2000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி, அதன் வகையைப் பொறுத்து, தேவைப்படுகிறது. அதை நடத்தும் அமெரிக்க வாரியம் 2023 முதல் சில நாடுகளில் வசிப்போரின் விண்ணப்பங்களை மட்டுமே ஏற்கிறது என்பதைச் சேருமுன் தெரிந்துகொள்வது நல்லது. சிறப்புக் கல்வி ஆசிரியர் உரிமமோ அந்தந்த அரசைச் சார்ந்தது. எல்லை தாண்டினால் அதையும் மறுபடி பெறவேண்டி வரலாம்.

என் சாய்வு சிறப்புக் கல்வியை முதலில் படித்து, பின்பு ஏ.பி.ஏ. தாள்களைச் சேர்த்துக்கொள்வதில்தான். ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடோ வலிப்பு நோயோ சேர்ந்து வருவது அரிதன்று. டவுன் சின்ட்ரோம், மூளை முடக்குவாதம், பேச்சுக்கு மாற்றான தொடர்பாடல் முறைகள் ஆகியவற்றையும் அறிந்தவருக்கே வகுப்பறை வசப்படும். நேர்மாறான வரிசை, தனிச் சிகிச்சை மையத்தில் ஒரு குழந்தையோடு மட்டும் பணியாற்ற விரும்புவோருக்குப் பொருந்தும். முனைவர் பட்டம் இப்போதைக்கு வேண்டாம். சில ஆண்டுகள் கற்பித்த பின் ஆய்வுக்கான கேள்வி தானாக எழும்.

எதைத் தேர்ந்தாலும், பட்டத்தின் பெயரில் ஆட்டிசம் என்ற சொல் இருப்பதை வைத்து மயங்கிவிட வேண்டாம். இரண்டே தாள்களை வைத்துக்கொண்டு அப்பெயரைச் சூட்டிக்கொள்ளும் துறைகளும் உண்டு. செய்முறைப் பயிற்சியை யார் மேற்பார்வை செய்கிறார், அவர் வாரத்தில் எத்தனை முறை வகுப்பில் நேரில் அமர்கிறார், பேசாத ஒரு குழந்தையோடு ஒரு முழுப் பருவம் பணியாற்ற வாய்ப்பு உண்டா என்பவற்றைத் துறைத்தலைவரிடமும், அங்கே படித்து முடித்தவரிடமும் தனித்தனியே கேட்டு, இரு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.